தன்னம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்கும் பெண்ணுக்கு

கேள்வியின் சுருக்கம்: எனக்கு வயது 23. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். பி.காம். முடித்துவிட்டு மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் தொடங்கிய புகைப்பட ஆர்வம் இன்னும் குறையவில்லை. கல்யாணப் புகைப்படம் எடுப்பதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்று ஆசை. ஆனால் எடுத்த படங்களை யாரிடமும் காட்டத் தைரியம் வருவதில்லை. வீட்டில் ‘பொம்பளப் புள்ளைக்குக் கேமரா எதுக்கு’ என்கிறார்கள். வரனும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கையில் பணமும் இல்லை. தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது? வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?

பதில்: தன்னம்பிக்கை வந்தால் படங்களைக் காட்டலாம், காட்டினால் வாய்ப்பு வரும், வாய்ப்பு வந்தால் வீட்டார் ஒப்புக்கொள்வார்கள் என்று ஒரு வரிசையை மனத்தில் போட்டு வைத்திருக்கிறீர்கள். கல்யாணப் புகைப்படத் தொழிலில் நெடுநாளாக இருப்பவள், இத்தொழிலுக்கு வரும் இளம்பெண்களைப் பழக்குபவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. நான் பார்த்த பெண்களில் தன்னம்பிக்கையோடு வந்தவர்கள் மிகக் குறைவு. பயந்துகொண்டே வந்து, கை நடுங்க நடுங்கப் படம் எடுத்து, அவற்றில் நாலைந்து நன்றாக அமைந்ததைத் தாங்களே கண்ணால் கண்ட பிறகு நிமிர்ந்தவர்கள்தாம் பெரும்பாலோர். தன்னம்பிக்கை வேலைக்குப் பின்னால் வருவது. அது முன்னால் வந்து நிற்கட்டும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இது என் அனுபவத்தில் மட்டும் கண்டதல்ல. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் பந்துரா, பாம்பு என்றாலே உடல் விறைத்துப்போகும் மனிதர்களை வைத்து இதை ஆராய்ந்தார். பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ‘பயப்படாதே, உன்னால் முடியும்’ என்ற உபதேசத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வேறொருவர் பாம்பைக் கையாளுவதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்ப்பது, பிறகு அறைக்குள் வருவது, கையுறை போட்டுத் தொடுவது, பிறகு வெறுங்கையால் தொடுவது என்று படிப்படியாக அழைத்துச் சென்றார். பயம் மிகுந்தவர்கள்கூட இறுதியில் பாம்பைக் கையில் எடுத்தார்கள். இதன் வழியாக 1977இல் அவர் வகுத்த கோட்பாடு, ஒருவருக்குத் தன் திறன்மீது நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான்கு ஊற்றுகளைச் சொல்கிறது: தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடல் பதற்றத்தை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கிலும் முதலாவதுதான் மிக வலுவானது. நம் ஊரில் தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் நடப்பதெல்லாம் மூன்றாவதைப் பற்றியது; அரங்கை விட்டு வெளியே வந்து பேருந்து ஏறுவதற்குள் அது கரைந்துவிடுவதன் காரணமும் இதுதான்.

பந்துரா சொன்னதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அவர் பேசியது பொதுவான தன்னம்பிக்கையைப் பற்றி அன்று. இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்ற குறிப்பான நம்பிக்கையைப் பற்றி. நீங்கள் அலுவலகத்தில் பேரேடும் வங்கிக் கணக்கும் ஒத்துவராதபோது எங்கே இடிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா? அந்த வேலையில் உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா என்று ஒருபோதும் யோசித்திருக்க மாட்டீர்கள். பலமுறை செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எனவே ‘எனக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்ற பெரிய வாக்கியத்தை விட்டுவிட்டு, ‘மண்டப வெளிச்சத்தில் முகம் கறுக்காமல் படம் எடுக்க எனக்கு இன்னும் வரவில்லை’, ‘கூட்டத்தில் ஆட்களை விலகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது’ என்று சிறு வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். பெரிய வாக்கியத்துக்கு மருந்து கிடையாது. சிறு வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு.

தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். ஐயர் கையை உயர்த்துகிறார்; நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளத்துக்குத் தாவுகின்றன; அதுவரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கிறது; நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது; ஓமப் புகை மணப்பெண்ணின் முகத்துக்கு நேராக ஏறுகிறது; வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருகிறார்; பெரியப்பா ஒருவர் கைபேசியை உங்கள் லென்ஸுக்கு முன்னால் நீட்டுகிறார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார் அடுத்த இரண்டு முடிச்சுகளைப் போட வேண்டும். அவர் குனியும்போது மாப்பிள்ளையின் கை மறைந்துவிடும். எல்லாம் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடுகிறது, இரண்டாம் தடவை கிடையாது. இதற்கு நடுவே நிற்கும் பெண்ணுக்குத் தேவைப்படுவது மனவலிமை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் தேவைப்படுவது முன்கூட்டிய தீர்மானங்கள். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அரைமணி நேரம் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஷட்டர் திறந்து மூடும் வேகம் 1/200 விநாடிக்குக் கீழே இறங்காமல் பார்த்திருக்க வேண்டும். மண்டப வெளிச்சம் போதாவிட்டால் கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றத் தயங்கக் கூடாது. முகமா கையா எது முக்கியம் என்று குடும்பத்தாரின் விருப்பத்தைக் கேட்டு வைத்திருக்க வேண்டும். வீடியோக்காரரிடம் காலையிலேயே போய் ‘அண்ணா, தாலி கட்டும்போது நான் இடது பக்கம் நிக்கிறேன், நீங்க வலது பக்கம் எடுத்துக்கோங்க’ என்று பேசி முடித்திருக்க வேண்டும். இவை அத்தனையும் செய்தவளுக்கும் கெட்டிமேளம் கேட்டதும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ஆனால் கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆட்களை விலகச் சொல்வது தனியாகப் பயிற்சி செய்ய வேண்டிய திறமை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கண் உள்ள பெண்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சபையில் குரல் உயர்த்தாதே என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள், மேடையில் நின்றுகொண்டு வயதில் மூத்த ஆண்களைப் பார்த்து ‘மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க, சித்தப்பா, அந்தச் சேரை எடுத்துருங்க’ என்று கணீரென்று சொல்வது நம்மில் பலருக்குத் தொண்டைக்குள் சிக்கிக்கொள்கிறது. மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். அதட்டினால் குடும்பம் முகம் சுளிக்கும். உறவுமுறை சொல்லி, காரணத்தை விளக்கிக்கொண்டிருக்காமல், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கையால் காட்டிச் சொன்னால் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். முதலில் உங்கள் அக்கா தங்கை முறையுள்ளவர்களின் வளைகாப்பிலோ, அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்திலோ பழகிப் பாருங்கள். அங்கே கேலி செய்வார்கள். செய்யட்டும், அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு எல்லோரையும் மூன்று வரிசையாக நிறுத்திவிட்டீர்களானால் கல்யாண மேடை எட்டாத உயரமாகத் தெரியாது.

இனி, உங்கள் கேள்வியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படம் காட்டத் தயக்கம், வீட்டாரின் மறுப்பு, வரன் பேச்சு, கையில் பணமின்மை என்று நான்கு இருக்கின்றன. நான்கையும் சேர்த்துத் தன்னம்பிக்கைக் குறை என்று பெயர் வைத்து உங்கள் கணக்கிலேயே பற்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இவற்றில் உங்களுக்குள் இருப்பது முதலாவது மட்டும்தான். இதே ஆசையோடு உங்கள் வீட்டில் 23 வயதுப் பையன் ஒருவன் இருந்தால், ‘இது சோறு போடுமா’ என்று கேட்டிருப்பார்களே தவிர ‘கேமரா எதுக்கு’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். வரவேற்பு முடிந்து அவன் இரவு 11 மணிக்கு இருசக்கர வண்டியில் வீடு திரும்பினால் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். நீங்கள் அதே நேரத்துக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வெளியே இருக்கும் தடையை உள்ளே இருக்கும் பலவீனமாக எண்ணிக்கொள்வது இளம்பெண்கள் பலரிடம் நான் காணும் பழக்கம். தடையைத் தடை என்று தெரிந்துகொண்டால் அதைச் சுற்றிப் போக வழி தேடத் தோன்றும். பலவீனம் என்று எண்ணிக்கொண்டால் குன்றத்தான் தோன்றும்.

ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிப் படித்திருக்கிறீர்களா? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913இல் குஜராத்தின் நவசாரியில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் இருந்தவர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார்; பின்னாளில் கணவரான மானெக்ஷாவிடம் கேமராவைக் கற்றுக்கொண்டார். அவருடைய முதல் படங்கள், பெண்கள் சங்கம் ஒன்றின் உல்லாசப் பயணத்தைப் பற்றியவை. பம்பாய் கிரானிகிள் நாளிதழ் படத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. தொடக்க காலத்துப் படங்கள் பல கணவர் பெயரில்தான் அச்சாயின. 1942இல் தில்லிக்குப் போய், சேலையைக் கட்டிக்கொண்டு கனத்த கேமராவோடு சைக்கிளில் சுற்றினார். சுதந்திரம் வந்த நாட்களையும், காந்தியின் இறுதி ஊர்வலத்தையும், நேருவின் பல முகங்களையும் பதிவு செய்தார். சேலை கட்டிய பெண் கேமராவோடு திரிவதை அன்று யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்தார்கள். அதனாலேயே பிறரை அனுமதிக்காத இடங்களிலும் தன்னைத் தடுக்காமல் விட்டார்கள் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு காலமானார். தன் பெயரில் படம் வெளிவராத நிலையிலும் அவர் எடுத்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் இதில் நான் பெரிதாக மதிப்பது. பெயர் பிறகு வந்தது, கை முதலில் பழகியது.

அவர் சொன்ன அந்தச் சாதகம் இன்றைக்கு நம் ஊர்க் கல்யாணங்களிலும் உண்டு. மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறையில் ஆண் புகைப்படக்காரர் கதவருகே நின்று இரண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பெண் என்றால் உள்ளே உட்கார்ந்து, ஜடை பின்னும் அம்மாவின் விரல்கள் முதல் கடைசி நேரத்தில் தைக்கும் ஊக்கு வரை எடுக்கலாம். பூப்புனித நீராட்டு விழா, வளைகாப்பு, பிறந்த குழந்தை, இஸ்லாமியக் குடும்பங்களின் திருமணத்தில் பெண்கள் பக்கம் ஆகியவற்றுக்குப் பெண் புகைப்படக்காரரைத் தேடி அலைகிறார்கள். இந்த வாசல் வழியாக நுழைவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் நுழைந்தபின் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ‘லேடீஸ் ஃபங்ஷன் எடுக்கிறவங்க’ என்று முத்திரை குத்திவிட்டால் பெரிய கல்யாணங்களில் உங்களை இரண்டாவது கேமராவாக மட்டுமே அழைப்பார்கள், சம்பளமும் அதற்கேற்பத்தான் இருக்கும். தமிழ்த் திரையுலகில் ஒளிப்பதிவு முழுக்க ஆண்களின் துறையாக இருந்த காலத்தில் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1985இல் தனித்து ஒளிப்பதிவு செய்யத் தொடங்கிய பி.ஆர். விஜயலட்சுமியை ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று குறிப்பிடுகிறார்கள். இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள் என்பதால் கதவைத் தட்டும் சிரமம் அவருக்குக் குறைவாக இருந்திருக்கலாம். ஒளியை அளந்து கணிக்கும் வேலையை யாரும் அவருக்காகச் செய்துகொடுத்திருக்க முடியாது. உங்களைப் போன்ற ஒருத்தி செய்வதைக் கண்ணால் பார்ப்பது பந்துரா சொன்ன இரண்டாவது ஊற்று. அதற்கு உங்களைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டுமே முன்னால் இருக்கும், மதுரையிலோ திண்டுக்கல்லிலோ தொழில் செய்யும் பெண் ஒருவரைக் கண்டுபிடித்து, இரண்டு கல்யாணங்களுக்குப் பை தூக்கிக்கொண்டு போய்வாருங்கள்.

ஆர்வம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடித்த துறையைக் கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் உழைப்பே தெரியாது என்று சொல்லித் திரிகிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை 2018இல் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரகரி வால்டன் ஆகிய மூன்று உளவியலாளர்களின் ஆய்வு காட்டியது. மாணவர்களுக்கு முதலில் கருந்துளைகளைப் பற்றிய சுவையான காணொளியைக் காட்டினார்கள், எல்லோரும் ஆர்வமானார்கள். பிறகு அதே பொருளைப் பற்றிய கடினமான அறிவியல் கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறப்பிலேயே அமைந்தது, கண்டுபிடிக்க வேண்டியது மட்டும்தான் என்று நம்பியவர்களின் உற்சாகம் மற்றவர்களைவிட அதிகமாக வடிந்தது. ஆர்வம் வளர்வது, வளர்த்துக்கொள்ளக் கூடியது என்று எண்ணியவர்கள் அவ்வளவாகத் துவளவில்லை. கல்யாணப் புகைப்படத் தொழிலின் கடினமான கட்டுரை எது என்று முன்பே சொல்லிவிடுகிறேன்: ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கான படங்கள் சேரும், அவற்றில் கண் மூடியவை, மங்கியவை, ஒரே மாதிரியானவை எல்லாவற்றையும் கழித்து, மீந்ததற்கு நிறம் சரிசெய்து, ஆல்பம் வடிவமைத்து, ‘எங்க பெரியம்மா படம் ஒண்ணுகூட இல்லையே’ என்ற புகாருக்குப் பதில் சொல்லி, பாக்கிப் பணத்துக்குத் தொலைபேசியில் பின்தொடர வேண்டும். கேமரா கையில் இருக்கும் நேரத்தைவிடக் கணினி முன் உட்காரும் நேரம் அதிகம். இதைச் செய்தபின்னும் அடுத்த முகூர்த்தத்துக்கு மனம் தாவினால் உங்கள் ஆர்வம் வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம். சலிப்பாக இருந்தால் அதனாலேயே ஆர்வம் பொய்யாகிவிடாது; சலிப்பைத் தாண்டிப் போகும் பழக்கமும் பயிற்சியால் வருவதுதான்.

படங்களைக் காட்டும் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரிடமும் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. உறவினர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் ‘சூப்பர்’ என்பார்கள், அல்லது எதுவும் சொல்ல மாட்டார்கள், இரண்டாலும் பயனில்லை. இன்ஸ்டாகிராமில் பிறர் போடுவது அவர்களுடைய ஆயிரம் படங்களில் பொறுக்கிய பத்து. உங்கள் ஆயிரத்தை அந்தப் பத்தோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோவது நியாயமற்ற கணக்கு. தொழில் தெரிந்த ஒருவரிடம் 12 படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். திரையில் மறையும் குறை தாளில் தெரிந்துவிடும். ‘எப்படி இருக்கு’ என்று கேட்காதீர்கள்; ‘இதில் எந்த நான்கை எடுத்துவிடுவீர்கள், ஏன்’ என்று கேளுங்கள். முன்னதற்கு மரியாதைப் பதில்தான் கிடைக்கும், பின்னதற்குப் பாடம் கிடைக்கும். தன் படத்தைப் பற்றிக் குறை கேட்கும்போது அது தன்னைப் பற்றிய குறையாக ஒலிப்பது எல்லோருக்கும் உண்டு. ஆனால் ‘பின்னணியில் ட்யூப் லைட் தெரிகிறது’ என்பது ட்யூப் லைட்டைப் பற்றிய வாக்கியம்தான்; உங்களைப் பற்றியது அன்று.

வீட்டாரிடம் ஆர்வம், கனவு, லட்சியம் என்ற சொற்களோடு போகாதீர்கள். அவை அப்பாவின் காதில் அடங்காப் பிடிவாதமாக விழும். அவருடைய கவலைகள் மூன்றுதான்: வருமானம் வருமா, பாதுகாப்பு இருக்குமா, நாலு பேர் என்ன சொல்வார்கள். முதலாவதுக்கு நீங்கள் கணக்கோடு போக முடியும், இங்கேதான் உங்கள் பி.காம். படிப்பு கைகொடுக்கிறது. இந்தத் தொழிலில் நல்ல கண்ணுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. கிடைத்த முன்பணத்தை லாபம் என்று எண்ணிப் புது லென்ஸ் வாங்கிவிட்டு, ஆல்பம் அச்சடிக்கக் கடன் வாங்குகிறவர்களை நான் வேண்டியமட்டும் பார்த்திருக்கிறேன். பதிவு செய்யும்போது பாதி, கல்யாணத்தன்று காலையில் மீதி, ஆல்பத் தொகை அச்சுக்குப் போகுமுன் என்று மூன்று தவணையை எழுத்தில் வாங்கிவிட்டால் பாக்கி நிற்காது. உதவியாளர் கூலி, வாடகைக் கருவி, பயணம், தேய்மானம் எல்லாம் கழித்து ஒரு கல்யாணத்தில் கையில் என்ன நிற்கிறது என்ற பட்டியலை அப்பா முன்னால் வைத்தால், மகள் விளையாடவில்லை என்பது அவருக்குப் புரியும். ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம். பேச்சு ‘எதுக்கு’ என்பதிலிருந்து ‘எவ்வளவு’ என்பதற்கு நகர்ந்தாலே பாதிக் கிணறு தாண்டியதுபோலத்தான்.

பாதுகாப்புக் கவலையை வீட்டாரின் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. அறிமுகமில்லாத வாடிக்கையாளரைத் தனியாகப் போய்ச் சந்திக்க வேண்டாம். வெளியூர்க் கல்யாணமென்றால் பெண்களுக்குத் தனி அறையும் இரவுப் பயணத்துக்கு வண்டியும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். போகுமிடத்தை வீட்டில் ஒருவருக்குக் கைபேசியில் பகிர்ந்துவிட்டுப் போங்கள். இன்னொருவரிடம் உதவியாளராகச் சேரும்போது, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதை அறிந்திருங்கள்; 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பற்றிய புகாரை மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். மகளிர் உதவி எண் 181. நாலு பேரின் பேச்சுக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. அந்த நாலு பேர் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு உங்களிடம் விலை விசாரிக்கும்வரை பேசுவார்கள்.

வரன் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. ‘கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கலாம்’ என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெண் பார்க்க வருபவரிடம் ‘எனக்குப் புகைப்படம் பிடிக்கும்’ என்று சொன்னால் அவரும் ‘நல்ல விஷயம்தானே’ என்று சொல்லிவிடுவார். அதில் ஒரு பொருளும் இல்லை. ‘தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்த நாட்களில் விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புவேன், வரவேற்பு என்றால் இரவு தாமதமாக வருவேன், உங்கள் வீட்டு விசேஷம் ஒன்றிரண்டுக்கு வர முடியாமல் போகும்’ என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அவர் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் அதுவும் ஒரு பதில்தான். இதனால் சில வரன்கள் தட்டிப்போகும், வீட்டில் சண்டை வரும், அம்மா அழுவார். இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு எதிர்கொள்வது, பின்பு எதிர்கொள்வதைவிடச் சுலபம் என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். இத்தொழிலின் வருமானம் மாதச் சம்பளத்தைப்போல் வருவதில்லை. முகூர்த்தத்தோடு வந்து முகூர்த்தத்தோடு போகிறது. ஆடியில் இந்துக் கல்யாணம் அநேகமாக இருக்காது. புரட்டாசியும் பலருக்கு ஆகாது. மார்கழியில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கையில் புரளும் பணத்தைப் பார்த்து வேலையை விட்டவர்கள் ஆடியில் கேமராவை விற்ற கதைகள் இத்தொழிலில் உண்டு. ஒரு முழு ஆண்டு, தையிலிருந்து மார்கழிவரை, சனி ஞாயிறுகளிலும் விடுப்பு நாட்களிலும் மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு முழுவதற்குமான நிகர வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, உங்கள் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். அதில் பாதியைத் தொட்டுவிட்டால், ஆறு மாதச் செலவுக்கான பணமும் வங்கியில் இருந்தால், அப்போது விடுவதைப் பற்றி யோசிக்கலாம். முழு நேரமும் கிடைக்கும்போது மறுபாதி வருவதற்கு வழி இருக்கிறது. இப்போதிருந்தே இந்த வருமானத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள், அது உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

கேமராவைக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். கைவசமிருப்பது பழைய கேமராவாக இருந்தாலும் அதற்கு ஒரு 50 எம்.எம். லென்ஸ் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பெரிய கருவிகளை அன்றன்றைக்கு வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு மெமரி கார்டு அவசியம். அன்றிரவே படங்களை இரண்டு இடத்தில் பதிந்துவிட்டுத்தான் தூங்க வேண்டும், எவ்வளவு அசதியாக இருந்தாலும். அடுத்த முகூர்த்த நாளில் உங்கள் தெருவிலோ உறவிலோ நடக்கும் ஏதாவது ஒரு விசேஷத்துக்கு, அங்கே ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கும் புகைப்படக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் வழியில் குறுக்கிடாமல், காசு வாங்காமல் எடுத்துப் பழகுங்கள். அதில் தேர்ந்த 12 படங்களோடு என்னைப் போன்ற யாரிடமாவது வந்து, எந்த நான்கை எடுத்துவிடுவீர்கள் என்று கேளுங்கள்.